நன்றி நோட்டில் என்ன எழுதுவது?

அன்றாடம் நமக்குக் கிடைத்த நல்லவற்றைக் குறித்துவைக்க ஆசையாகத் தொடங்கி, ஒரே வாரத்தில் கைவிட்ட நன்றி நோட்டைப் புரட்டிப் பாருங்கள். திங்கள்: குடும்பம், ஆரோக்கியம், வேலை. செவ்வாய்: ஆரோக்கியம், குடும்பம், நல்ல தூக்கம். புதனும் அதேதான். வியாழக்கிழமைப் பக்கம் காலி. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ‘குடும்பம்’ என்று எழுதும்போது மனதில் ஒரு முகமும் வருவதில்லை. முகம் வராமல் நன்றி எங்கே சுரக்கும்?

ஒரு ஆள், அவர் செய்த ஒரு காரியம், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று. இந்த மூன்றும் இருந்தால்தான் அது நன்றி வரி. உதாரணமாக:

“செவ்வாய், காலை 5.40. குழாயில் தண்ணீர் வந்ததும் கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டிச் சொன்னார். நாலு குடம் பிடித்தோம். பிள்ளை குளித்துவிட்டு நேரத்துக்குப் பள்ளிக்குப் போனான்.”

இதை எழுத இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிடமும் அக்கா மனதில் நிற்கிறார். அவர் தட்டாமல் இருந்திருந்தால் அன்றைய காலை எப்படிப் போயிருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். வழக்கமாகிப்போன உதவி மறுபடி கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதுவது? உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் நன்றியோடு நினைக்கும் விஷயங்களை வாரம் ஒருமுறை ஐந்து வரை 10 வாரம் எழுதினார்கள். தொல்லைகளை எழுதிய குழுவைவிட இவர்களுக்குத் தங்கள் வாழ்க்கை மேல் நிறைவு கூடியிருந்தது. இன்னொரு உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினரின் 2005 ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவில் மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதச் சொன்னார்கள். வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்குப் பலன் நீடித்தது. ஆறு வாரம் நடந்த இன்னொரு ஆய்வில் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கடி எழுதினால் கை மட்டும் எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். அதனால் முதல் வாரம் தினமும் மூன்று வரி, கை பழகியதும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து வரி என்று வைத்துக்கொள்வது நல்லது.

நேரத்தை ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். சாயங்காலக் காபி, பாத்திரம் கழுவி முடித்த கையோடு, போனை சார்ஜில் போட்டதும், எதுவானாலும் சரி. படுக்கையில் படுத்த பிறகு என்று வைத்தால் தூக்கம் ஜெயித்துவிடும். நோட்டும் பேனாவும் அந்த இடத்திலேயே கிடக்கட்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் சேர்த்து எழுத உட்காராதீர்கள். பாக்கி சேர்ந்தால் நோட்டைத் திறக்கவே மனம் வராது.

ஒன்றும் தோன்றாத நாளுக்குத் திருக்குறளே கைகொடுக்கிறது. செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தின் முதல் மூன்று குறள்களையும் கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். நான் எதுவும் செய்யாதபோதே எனக்குச் செய்தவர் யார்? சரியான நேரத்தில் செய்தவர் யார்? பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்க்காமல் செய்தவர் யார்? மூன்றும் ‘யார்’ என்று கேட்பதால் பேனா தானாக ஒரு பெயருக்குப் போய்விடும்.

சில இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். ‘நமக்குக் கீழே உள்ளவர் கோடி’ என்று இல்லாதவரைப் பார்த்து ஆறுதல் அடைவதை நன்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஒப்பீடு, மேலே இருப்பவரைப் பார்த்ததும் கரைந்துவிடும். இன்னொன்று, சம்பளம் தருகிறாரே என்று அதிகாரியின் ஏச்சையும், சோறு போடுகிறாரே என்று வீட்டில் விழும் அடியையும் பொறுத்துக்கொள்ள இந்த நோட்டைப் பயன்படுத்தவே கூடாது. துக்க வீட்டிலும் மனச்சோர்வின் நடுவிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டாம். எழுத வராததே இன்னொரு குற்ற உணர்வாகிவிடும். சோர்வு வாரக்கணக்கில் விலகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

நோட்டில் எழுதியதில் வாரம் ஒன்றையாவது உரியவரிடம் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான். அம்மாவிடம் ‘நன்றி’ என்றால் மேடைப் பேச்சு போல இருக்கிறது, ‘தேங்க்ஸ்’ என்றால் அந்நியமாக இருக்கிறது. அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, நடந்ததை அப்படியே சொல்லுங்கள். “அக்கா, செவ்வாய்க்கிழமை நீங்க மட்டும் தட்டலைன்னா பிள்ளையக் குளிக்க வைக்காமத்தான் அனுப்பியிருப்பேன்.” “அம்மா, நேத்து நீ வச்ச மிளகு ரசத்துலதான் தொண்டை திறந்துச்சு.” நாள், காரியம், பலன், அவ்வளவுதான். கையோடு ஒரு உதவி கேட்டுவிடாதீர்கள். முன்னால் சொன்னதெல்லாம் அதற்கான பீடிகையாகத் தெரியும்.

எதிரில் இருப்பவர் அநேகமாக “அட, இதுல என்ன இருக்கு” என்பார். வாதாடி நிரூபிக்க வேண்டியதில்லை, சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக். அடுத்த வாரம் டிக் விழாத பெயர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வயதானவர் யாராவது இருந்தால் அவரை முதலில்.