வீட்டுக் காற்றுத் தூசி அளவி: டெலிகிராமில் எச்சரிக்கை வரும்வரை

வீட்டுக்குள் பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான நுண்தூசி) அளக்க எம்கியூ-135 வாங்க வேண்டாம். மலிவுதான், ஆனால் அது வாயு சென்சார். தூசித்துகள் அதற்குத் தெரியாது. சாம்பிராணி, கொசுவத்தி, தாளிப்புப் புகை எல்லாம் பிடிபட லேசர் ஒளிச்சிதறலில் இயங்கும் சென்சார் வேண்டும். இந்த அளவியில் பயன்படுத்தியவை: தூசிக்கு பிளான்டவர் பிஎம்எஸ்5003 லேசர் சென்சார், வைஃபை உள்ள ஈஎஸ்பி32 வ்ரூம் கன்ட்ரோலர் போர்டு, ஈரப்பதத்துக்கு எஸ்எச்டி31, 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

வயரிங்

பிஎம்எஸ்5003-இன் விசிறிக்கு 5 வோல்ட் தேவை. டேட்டா பின்கள் 3.3 வோல்ட் என்பதால் நேராக ஈஎஸ்பி32-இல் சொருகலாம். சென்சாரின் டிஎக்ஸ் (டேட்டா அனுப்பும் பின்) போர்டின் 16-ஆம் பின்னுக்கு, செட் (சென்சாரை எழுப்பவும் தூங்க வைக்கவும் உள்ள பின்) 4-க்கு. எஸ்எச்டி31-க்கு 21, 22 பின்கள். உங்களுடையது ஈஎஸ்பி32-இன் இன்னொரு வகையான வ்ரோவர் போர்டு என்றால் 16, 17 இரண்டும் கூடுதல் மெமரிக்குப் போய்விடும். வேறு பின் பாருங்கள். வைஃபை அனுப்பும் நொடியில் மின்னோட்டம் எகிறி போர்டு ரீசெட் ஆகும். கெப்பாசிட்டரை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்தால் அடங்கும்.

சென்சாரின் உலோக உறை கிரவுண்டோடு இணைந்தது. வேறு எதிலும் படக்கூடாது. காற்று உள்ளே போகும் துளையும் வெளியே வரும் துளையும் பெட்டியின் சுவரை ஒட்டி இருக்கட்டும். இடைவெளி விட்டால் வெளியேறிய காற்றே திரும்ப உள்ளே போய், அறையில் புகை ஏறினாலும் எண் மந்தமாகவே நகரும்.

அளவை வாசித்தல்

சென்சார் டேட்டா அனுப்பும் வேகம் 9600 பாட் (baud). ஒவ்வொரு தொகுப்பும் 32 பைட். முதல் இரண்டு 66, 77. முதல் 30 பைட்டின் கூட்டல் கடைசி இரண்டோடு ஒத்துப்போகாவிட்டால் தொகுப்பைத் தூக்கிப் போடுங்கள். ஈஎஸ்பி32-இன் ரிசீவ் பஃபர் (வந்த டேட்டா காத்திருக்கும் இடம்) 256 பைட், அதாவது எட்டுத் தொகுப்பு. நிதானமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசித்தால் கிடைப்பது பழைய காற்றின் கணக்கு. வாசிக்கும் முன் பஃபரைக் காலி செய்ய வேண்டும்.

லேசருக்கு ஆயுள் உண்டு. அதனால் ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டம்: செட் பின்னை உயர்த்தி எழுப்பி, முதல் 30 நொடியை விட்டுவிட்டு, அடுத்த 30 நொடியின் சராசரி. பிறகு பின்னைத் தாழ்த்தித் தூக்கம்.

ஈரப்பதம்

சென்னை போன்ற கடலோர ஊரில் பெரிய தொல்லை இதுதான். ஈரத்தில் துகள் ஊதிப் பெரிதாகும்; லேசருக்கு அது கூடுதல் தூசியாகத் தெரியும். இதே சென்சார் உள்ள பர்ப்பிள்ஏர் என்ற காற்றுத்தர அளவிகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தந்த திருத்தம்: அளவு × 0.524 − ஈரப்பதம் × 0.0862 + 5.75. இதற்கு ஏழு, எட்டாம் பைட்டில் உள்ள எண்ணை எடுக்க வேண்டும், 13, 14-இல் உள்ளதை அல்ல. சென்சார் 120 காட்டி ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் விடை சுமார் 62. சுத்தமான காற்றில் சில சமயம் எதிர்மறை எண் வரும், பூஜ்யமாக்கிவிடுங்கள். வெளிக்காற்றுக்குப் போட்ட சூத்திரம், சாம்பிராணிக்கு அல்ல. ஆனாலும் திருத்தாத எண்ணைவிடத் தேவலை.

டெலிகிராம்

டெலிகிராமில் தானாகச் செய்தி அனுப்பும் கணக்குக்கு பாட் (bot) என்று பெயர். அதை உருவாக்கித் தரும் பாட்ஃபாதர் (BotFather) கணக்கிடம் டோக்கன் (பாட்டின் ரகசியச் சாவி) வாங்கி, புது பாட் கணக்குக்கு நீங்களே முதல் செய்தி அனுப்புங்கள். பாட் தானாகப் பேச்சைத் தொடங்க முடியாது. பிறகு டெலிகிராமின் கெட்அப்டேட்ஸ் (getUpdates) இணைய முகவரியில் சாட் ஐடி, அதாவது செய்தி போக வேண்டிய உரையாடலின் எண், தெரியும். குடும்பக் குரூப்பின் ஐடி கழித்தல் குறியோடு தொடங்கும். அதை விட்டுவிட்டால் செய்தி போகாது.

ஒவ்வொரு அளவையும் அனுப்பினால் வீட்டில் எல்லோரும் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள், கருவி இருந்தும் பயனில்லை. இப்போது ஓடும் விதி: அடுத்தடுத்து இரண்டு அளவு 60-ஐத் தாண்டினால் மட்டும் ஒரு செய்தி. தாளிப்பின் ஒற்றை எகிறல் இதில் வடிகட்டப்படும். மூன்று அளவு 40-க்குக் கீழ் வந்தபின்தான் ‘சரியானது’ என்ற செய்தி, அதுவும் சத்தமில்லா அறிவிப்பாக. இரண்டுக்கும் ஒரே எல்லை வைத்தால் 59, 61 என்று ஊசலாடி மணி அடித்துக்கொண்டே இருக்கும். இந்திய வரம்பான கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் 24 மணி நேரச் சராசரிக்கு உரியது. இங்கே வெறும் எச்சரிக்கைக் கோடு.

அடுத்து சேர்ப்பது கார்பன் டையாக்சைடுக்கு எம்எச்-இசட்19பி சென்சார். ஜன்னலே திறக்காத ஏசி அறையில் அதன் தானியங்கி அடிக்கோட்டுத் திருத்தம் நாளின் மிகக் குறைந்த அளவை, அது உண்மையில் கூடுதலாக இருந்தாலும், 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று எடுத்துக்கொள்ளும். முதல் வேலையாக அதை அணைக்க வேண்டும்.