செடி எண்ணிக்கை: 0

மும்பை தாராவியில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான சின்ன அறக்கட்டளை ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேரை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு வாரம் சுற்றுச்சூழல் வேலை செய்துவிட்டு வருவோம். கேட்கிறவர்கள் எல்லாரும் டிக்கெட் செலவைத்தான் கேட்பார்கள். டிக்கெட்டுக்கு எப்படியோ பணம் கிடைத்துவிடும். பெரும்பாடு பெயர்தான்.

நம் ஊர்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மகாராஷ்டிரப் பள்ளிப் பதிவேட்டிலோ மூன்று பெயர் வேண்டும். அப்பா, அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் சேர்க்கைக்குப் போனபோது, எழுதுகிறவர் கையில் என்ன வந்ததோ அது பெயராகிவிடும். சிலருக்குத் தாத்தா பெயர், சிலருக்குச் சாதிப் பெயர். ஆதாரில் இன்னொன்று. பிறப்புச் சான்றிதழில் பெயரே இருக்காது, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். இந்த மூன்றையும் ஒன்றாக்கினால்தான் பாஸ்போர்ட். ஒரு பெண்ணுக்கு இதற்கே ஏழு மாதம் ஆனது. அம்மா ராத்திரியெல்லாம் இட்லி அவித்து, காலையில் அப்பா சைக்கிளில் கொண்டுபோய் விற்கும் குடும்பம். 18 வயது ஆகாத பிள்ளை என்பதால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு ஒருநாள் இட்லி இல்லை. அந்த ஒருநாள் அவர்களுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

"பக்கத்திலேயே மித்தி ஆறு நாறுது, அதை விட்டுட்டு வெளிநாடு எதுக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மித்திக்கரையிலும் குப்பை பொறுக்குகிறோம். ஆனால் தாராவிப் பிள்ளைகளுக்குச் சேவை என்றால் யாரோ வந்து நோட்டுப்புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவது. நம் கை வேண்டும் என்று இன்னொரு ஊர் காத்திருந்ததை அவர்கள் பார்த்ததில்லை. அதைப் பார்க்கட்டும் என்றுதான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

அந்த வருடம் இலங்கை, புத்தளம். கடலோடு சேர்ந்த உப்பங்கழியை அங்கே களப்பு என்பார்கள், நம் அலையாத்தி மரத்தைக் கண்டல் என்பார்கள். களப்புக்கரையில் கண்டல் காட்டை அழித்து இறால் பண்ணைகள் போட்டார்கள். 1996 வாக்கில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் செத்ததும் பல பண்ணைகளைக் கைவிட்டுவிட்டார்கள். அப்படி ஒரு குளத்துக்குத்தான் போனோம். நாலு பக்கமும் மண்வரப்பு. உள்ளே வெடித்துக் கிடக்கும் உப்புத்தரை. மொழி நம் மொழி என்பதால் பிள்ளைகள் வேனை விட்டு இறங்கியதுமே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மரம் நடத்தான் வந்திருக்கிறோம் என்பது எங்கள் நினைப்பு. பணம் கொடுத்தவர்கள் தந்த படிவத்திலும் 'நட்ட செடிகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. மீனவர் சங்கத்து அக்கா மண்வெட்டிதான் கொடுத்தார். "முதல்ல தண்ணி வர வழி வேணும் பிள்ளை. வழி இருந்தா கண்டல் தானா வரும்."

அவர் சொன்னது சும்மா இல்லை. கண்டல் விதை மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரி தொங்கும். விழுந்து, மிதந்து, சரியான சேற்றில் தானே நின்றுகொள்ளும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரை நெடுக அவசர அவசரமாக நட்டார்கள். பின்னால் ஆய்வாளர்கள் 23 இடங்களைப் போய்ப் பார்த்தபோது, 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. தண்ணீர் எவ்வளவு ஏறும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்க்காமல் நட்டதுதான் முக்கியமான காரணம்.

வரப்பை எங்கே வெட்டுவது என்று பேச்சு வந்தது. இட்லிக்கார வீட்டுப் பெண் ஒன்றும் பேசாமல் களப்புப் பக்கம் போய் ஒரு குச்சியை ஊன்றினாள். கொஞ்சநேரம் கழித்துப் போய்ப் பார்த்து, நனைந்த இடத்தில் நகத்தால் கீறினாள். மறுபடி போனாள், மறுபடி கீறினாள். கீறல்கள் ரொம்ப நெருக்கமாக இருந்தன. "என்னக்கா, இங்க ஹைடைட் ஏறவே மாட்டேங்குது?" என்றாள். மும்பையில் ஓதம், அதாவது கடல் ஏற்றம், ஒரு மாடி உயரம் ஏறும். அங்கே அரை மீட்டர்கூட வராது. அப்படியானால் வாய்க்காலை இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும் என்று அவளே சொன்னாள்.

இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். மழைக்காலத்தில் ஹைடைட்டும் மழையும் சேர்ந்துவிட்டால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுமாம். அரிசி மூட்டையை எப்போது மேலே தூக்குவது என்று தெரிய, அம்மா கதவு நிலையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே இருப்பாராம். கல்யாணம் ஆகி வந்த புதிதில், 2005 ஜூலை 26 அன்று, அம்மா கோடு போடுவதை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த நாள் அது. மித்தி கடலில் சேரும் இடத்தில் இருந்த கண்டல் காட்டை நகரம் வருடக்கணக்காக மண் கொட்டி மூடிக்கொண்டே வந்திருந்தது. தண்ணீர் போக இடமில்லாமல் அவள் தெருவுக்குள் வந்தது. இதை நான் எத்தனையோ வகுப்பில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அடைத்த தண்ணீர் என்ன செய்யும் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததை அந்தக் குச்சியைப் பார்த்த பிறகுதான் நான் புரிந்துகொண்டேன்.

அக்கா குச்சியைக் குனிந்து பார்த்தார். "நல்ல கண்ணு இந்தப் பிள்ளைக்கு" என்றார். அதற்கப்புறம் எங்கே வெட்டுவது என்று அவளைக் கேட்டுத்தான் வெட்டினார்கள்.

நாலு நாள், சுமார் நாற்பது அடி. கையெல்லாம் கொப்புளம். அஞ்சாவது நாள் சாயங்காலம் தண்ணீர் உள்ளே வந்தது. கணுக்கால் அளவுதான், பழுப்பு நிறம். கூடவே விரல் நீள மீன்கள் நாலைந்து. யாரும் கத்தவில்லை, எல்லாரும் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பிப் படிவத்தை நிரப்பும்போது செடிக் கட்டத்தில் 0 என்று எழுதினேன். கீழே வாய்க்காலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். "போட்டோவுக்காவது ஒரு பத்துச் செடி நட்டிருக்கலாமே" என்று போன் வந்தது. அடுத்த வருடம் அவர்கள் பணம் தரவில்லை, வேறு இடத்தில் தேட வேண்டியதாயிற்று. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அந்த 0-வை மாற்றி எழுத மனம் வரவில்லை.

இந்த வருடம் பதினோரு பேர். ஏழு பேருக்குப் பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏறவில்லை. திங்கட்கிழமை தாதரில் வார்டு ஆபீசுக்குப் போக வேண்டும். அவளும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள். எந்த ஜன்னலில் எந்தக் காகிதம் கேட்பார்கள் என்று அவளுக்கு இப்போது என்னைவிட நன்றாகவே தெரியும்.