லூப்புக்குள் லூப் எழுதும் முன்

பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்க உதவும் ஆன்சிபிளில், ஒரு பட்டியலைக் கொடுத்து லூப் ஓட்டுவதை, அதாவது பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையைச் செய்ய வைப்பதை, யாரும் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல் வரும்போதுதான் சிக்கல். மதுரை இலந்தைக்குளத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள், ஆர்வமாகத்தான் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு பயனருக்கும் சர்வருக்குள் நுழைய நாலைந்து எஸ்எஸ்ஹெச் சாவிகள் என்று ஆனதும், "அண்ணே, லூப்புக்குள்ள லூப் எப்படிப் போடுறது?" என்று வந்து நிற்பார்கள்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உள்ளே இருக்கும் பட்டியல் எல்லாருக்கும் பொதுவா, ஆளுக்கு ஆள் வேறா?

இதை விளக்க எங்கள் ஊர் வீதிகளே போதும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி என்று நாலு சுற்று வீதிகள். ஒவ்வொரு சுற்றுக்கும் நாலு திசை. கீழ மாசி வீதி, மேல ஆவணி மூல வீதி, தெற்கு வெளி வீதி என்று பெருக்கிக்கொண்டே போனால் 16 பெயர் வந்துவிடும், ஒன்றும் விடுபடாது. ஆன்சிபிளில் இதற்கு, தரவை மாற்றித் தரும் ஃபில்டர்களில் ஒன்றான புராடக்ட். பழைய பிளேபுக்குகளில் (ஆன்சிபிளுக்கு வேலைகளை எழுதிக்கொடுக்கும் கோப்புகளில்) வித் நெஸ்டட். ஆனால் வீதிவாரியாகக் கடைகளை எழுத வேண்டுமென்றால் பெருக்கக் கூடாது. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடையை வடக்கு வெளி வீதிக் கணக்கில் சேர்க்க முடியுமா? இங்கேதான் சப்எலிமென்ட்ஸ். ஒரு பயனர், அவருடைய ஒரு சாவி என்று ஜோடி ஜோடியாக எடுத்துத் தரும்.

இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வேன். சாவிகளுக்குப் புராடக்ட் போட்டால் எல்லார் சாவியும் எல்லார் கணக்கிலும் ஏறிவிடும். ஆன்சிபிள் சிவப்பில் எதுவும் காட்டாது. சொன்னதைச் செய்துவிட்டது, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் யாருடைய கணக்கிலும் நுழையலாம் என்பது பல மாதம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

அதே இடத்தில் இன்னொரு குழியும் உண்டு. மாடியூல் என்பது ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல்; சாவிகளைக் கணக்கில் ஏற்றும் ஆதரைஸ்டு கீ மாடியூலில் எக்ஸ்க்ளூசிவ் என்று ஓர் அமைப்பு. கொடுத்த சாவி மட்டும் இருக்கட்டும், மற்றதை அழித்துவிடு என்று பொருள். வேலையை விட்டுப் போனவரின் சாவியை நீக்க அருமையான வழி. ஆனால் லூப் ஓடுவது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்றில் போட்ட சாவியை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் இதை நேரில் பார்த்தேன். மூன்று பேர் பகிர்ந்த கணக்கில், பட்டியலின் கடைசியில் இருந்தவர் மட்டும் உள்ளே போக முடிந்தது. மற்ற இருவரும் ஃபயர்வாலைச் சந்தேகித்து அதையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். தீர்வு எளிது: ஜாயின் ஃபில்டரால் சாவிகளை வரிக்கு ஒன்றாகக் கோத்து ஒரே தடவையில் கொடுத்துவிட வேண்டும். உள் லூப் காணாமலே போய்விடும்.

இப்படி ஒரு லூப் காணாமல் போகும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பேக்கேஜ், அதாவது மென்பொருள் தொகுப்பு, நிறுவுவதிலும் இதேதான். ஆப்ட், டிஎன்எஃப் மாடியூல்களுக்கு முழுப் பட்டியலையும் அப்படியே தரலாம். லூப் போட்டால் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் மாடியூல் தனியாக ஒருமுறை சர்வரில் ஓடும். சர்வர்கள் கூடக்கூட அந்தத் தாமதம் நன்றாகவே உறைக்கும்.

2018-ல் ஆன்சிபிள் 2.5 பதிப்பில் லூப் என்ற கட்டளைச் சொல் வந்ததும், அதே வேலைக்கு இருந்த பழைய வித் ஐட்டம்ஸைப் பலர் அப்படியே லூப் என்று மாற்றினார்கள். வித் ஐட்டம்ஸ் பட்டியலுக்குள் இருக்கும் பட்டியலைப் பிரித்து ஓர் அடுக்கைத் தானே தட்டையாக்கிவிடும், லூப் அதைச் செய்யாது. அதற்கு ஃபிளாட்டன் ஃபில்டரைச் சேர்க்க வேண்டும்.

ஒரே ஆளுக்குப் பல வேலைகள் என்றால்? பல வேலைகளைச் சேர்த்துக் கட்டிய பிளாக்குக்கு லூப் போட ஆன்சிபிள் விடாது. அந்த வேலைகளைத் தனிக் கோப்பில் எழுதி இன்க்ளூட் டாஸ்க்ஸால் அழைப்பதுதான் வழி. அப்போது வெளி லூப்பும் உள் லூப்பும், அந்தச் சுற்றில் கையில் இருப்பதைக் குறிக்கும் ஐட்டம் என்ற ஒரே பெயரைப் பிடித்து இழுக்கும். லூப் கன்ட்ரோலில் லூப் வேர் கொடுத்து வெளியே இருப்பதற்குத் தனிப்பெயர் வைப்பது எங்கள் குழுவில் கட்டாயம். முழுத் தரவுக்குப் பதில் சிறு பெயரை மட்டும் காட்டும் லேபிளும் வைப்போம், திரையில் குப்பை கொட்டாமல் இருக்க. ஆனால் லேபிள் ரகசியத்தைக் காக்காது. கடவுச்சொல் இருந்தால், வெளியீட்டையே மறைக்கும் நோ லாக் போட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது அடுக்கு வந்தால் நான் பிளேபுக்கைத் தொடவே மாட்டேன். தரவைத்தான் மாற்றச் சொல்வேன். அண்மையில் ஒரு தம்பி வாடிக்கையாளர், அவருக்குள் தளங்கள், தளத்துக்குள் டொமைன்கள் என்று அடுக்கிக்கொண்டு வந்தார். உட்கார்ந்து பிரித்தோம். தளங்களை நேரான பட்டியலாக்கி, வாடிக்கையாளர் பெயரை ஒவ்வொரு தளத்திலும் ஒரு புலமாக வைத்தோம். டொமைன்களை என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கான டெம்ப்ளேட்டுக்குள் சர்வர் நேம் வரியில் சேர்த்தோம். மிஞ்சியது ஒரே லூப். அப்புறம் புதிதாக ஒரு டொமைன் வந்தபோது, ஆன்சிபிள் பழக்கமே இல்லாத சப்போர்ட் பெண், தரவு இருக்கும் யாமல் கோப்பைத் திறந்து தானே ஒரு வரி சேர்த்துவிட்டார்.