ஒரு காந்தப்புயலும் கொஞ்சம் ஆக்சிஜனும்

மே 10, 2024, வெள்ளி

சூரியனில் 13664 என்று எண் போட்ட கரும்புள்ளிக் கூட்டம் வரிசையாகக் கக்கியதெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. காந்தப்புயல் அளவுகோலின் உச்சப்படியான ஜி5 என்று அறிவித்திருக்கிறார்கள், 2003 அக்டோபருக்குப் பிறகு இப்போதுதான். ஊர் உலகமே துருவ ஒளிப் படமாகப் போட்டுத் தள்ளுகிறது. நான் மட்டும் புயலின் வலிமையைக் காட்டும் டிஎஸ்டி குறியீட்டின் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மே 11, சனி

கோடு −400 நானோடெஸ்லாவுக்கும் கீழே போய்விட்டது. 1989 மார்ச் புயலில் −589. ககியோகா, ஹொனலுலு, சான் ஹுவான், ஹெர்மானஸ் என்று நான்கே நான்கு ஆய்வகங்களின் அளவீடுகளிலிருந்து வரும் எண் இது. பூமியைச் சுற்றி அயனிகள், அதாவது எலக்ட்ரானை இழந்த அணுக்கள், வளையமாக ஓடும்போது அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் தரையில் பூமியின் புலத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அந்தக் குறைவைத்தான் அளக்கிறார்கள். மொத்தம் எவ்வளவு ஆற்றல் ஏறியிருக்கிறது என்று தோராயமாகத் தெரியும். எந்த அயனி என்று தெரியாது. மூட்டையை அவிழ்க்காமல் எடை போட்ட மாதிரி.

மே 12, ஞாயிறு

மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க விண்கலத்தில் நிறமாலைமானி வேண்டும். அது நிறையை மின்னூட்டத்தால் வகுத்துப் பிரிக்கிறது. புரோட்டான் என்றால் 1. சூரியக் காற்றில் வரும் ஹீலியம் இரண்டு எலக்ட்ரானையும் இழந்தது, அதனால் 4-ஐ 2-ஆல் வகுத்து 2. ஆக்சிஜனில்தான் சுவாரசியம். சூரியனின் வெளி வளிமண்டலம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிப்பதால் அங்கிருந்து வரும் ஆக்சிஜன் ஆறேழு எலக்ட்ரான்களைப் பறிகொடுத்துவிட்டு வரும். ஆறு போயிருந்தால் 16-ஐ 6-ஆல் வகுத்து 2.67. நம் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்து ஆக்சிஜன் ஒன்றே ஒன்றை இழந்தது, அது 16-இல் தனியாக நிற்கும். பிறந்த இடத்தை நெற்றியில் எழுதிக்கொண்டு அலைகிறது என்று வையுங்கள்.

புயல் நேரத்தில் அந்த 16-ஐ, அதுவும் கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு, பார்த்ததாக ஷெல்லி என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 1972-இல் எழுதியபோது பலருக்கும் அதிர்ச்சி. அதுவரை எல்லாம் சூரியனிடமிருந்துதான் வருகிறது என்ற நினைப்பு.

மே 14, செவ்வாய்

இன்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடுபடும் வேகம் நொடிக்கு 11.2 கிலோமீட்டர், ஆக்சிஜன் அணுவுக்கு அது கிட்டத்தட்ட 10 எலக்ட்ரான் வோல்ட். அயனி மண்டலத்தில் அதனிடம் இருப்பதோ ஒன்றுக்கும் குறைவு. ஹைட்ரஜனுக்கு 0.65 போதும், அது அமைதியான நாளிலும் கசிந்துகொண்டே இருக்கும். கனமான ஆக்சிஜனைக் கிளப்பத்தான் புயல் வேண்டும்: துருவப் பகுதியில் எலக்ட்ரான்கள் கொட்டி, அலைகள் அயனிகளைக் குறுக்குவாக்கில் சுழற்றிச் சூடேற்ற, காந்தப்புலம் வலுவிழக்கும் திசையில், அதாவது மேலே, அவை பிதுக்கித் தள்ளப்படுகின்றன. அப்புறம் பூமியின் காந்தமண்டலம் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீளும் வால் பகுதிக்குப் போய், புயலின் மின்புலம் உள்ளே இழுத்துவரும்போது பத்துக்கணக்கான கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஏறிவிடுகிறது.

அமைதிக் காலத்தில் வளையத்தின் ஆற்றலில் பெரும்பங்கு புரோட்டானுடையது. 1986 பிப்ரவரி பெரும்புயலில் ஆம்ப்டி விண்கலம் அளந்தபோது உச்சத்தில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன். 1991 மார்ச்சில் பாதிக்கும் மேல். அடி சூரியன் கொடுத்தது, சரக்கு பாதிக்கு மேல் நம்முடையது.

மே 17, வெள்ளி

கோடு பெரும்பாலும் மேலே ஏறிவிட்டது. முதலில் விறுவிறுவென்று, பிறகு இழுத்து இழுத்து. இதற்கும் ஆக்சிஜனைக் காரணம் காட்டுவதுண்டு: 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அது புரோட்டானைவிடச் சீக்கிரமாக, பூமியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி நடுநிலையாகி, காந்தப்புலத்தின் பிடியிலிருந்து நழுவி ஓடிவிடுகிறது; மிஞ்சுவது மெதுவாகக் கரையும் புரோட்டான். சரி, அளவுகோலை வைத்து இரண்டு சாய்வையும் கோடு போட்டுப் பார்த்தேன், ஆனால் வால் பகுதி மின்னோட்டம் தணிந்தாலும் இதே வளைவுதான் வரும், அயனிகள் வெளி எல்லை வழியாகத் தப்பினாலும் இதேதான். காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இந்தப் புயலின் நிறமாலைமானித் தரவு கைக்கு வரட்டும், அந்த 16-ஐ எண்ணிவிட்டு மறுபடி விரிக்கிறேன்.