‘இன்னிக்குப் போகலாம்’ என்று டாக்டர் சொன்ன பிறகு: டிஸ்சார்ஜ் தாமதத்தை ஆய்வு செய்த அனுபவம்

தனியார் மருத்துவமனை ஒன்றின் தரப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை படித்தேன். கடைசி வருடம் ஓர் ஆய்வேடு கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் ‘நோயாளிகளின் திருப்தி’ என்று தலைப்பு எடுத்துக்கொண்டார்கள். ஐந்து கட்டம் போட்ட கேள்வித்தாள், அதில் டிக், எக்செல்லில் நாலு வண்ணப்படம், வேலை முடிந்தது. நாளைக் காலை தனக்கு ஊசி போடப்போகிற நர்ஸிடமே அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் ‘திருப்தியில்லை’ என்று எழுதுவாரா? எனக்கு அந்தத் தலைப்பில் நம்பிக்கை வரவில்லை.

எங்கள் புகார்ப் பெட்டியில் வரும் சீட்டுகளில் வைத்தியத்தைக் குறை சொல்பவை குறைவு. கடைசி நாளைப் பற்றியவைதான் அதிகம். ‘காலையில் போகலாம் என்றார்கள், விளக்கு வைத்த பிறகுதான் விட்டார்கள்.’ சரி, இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். இதைப் போல ஆய்வு செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

கைடு மேடத்திடம் தலைப்பைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “கடிகாரத்தை எப்போ ஓட விடப்போறே, எப்போ நிறுத்தப்போறே?”

மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் தர நிர்ணயத்தில் டிஸ்சார்ஜ் நேரம் ஒரு குறியீடாக இருக்கிறது. அதற்கு வரையறையும் உண்டு. மருத்துவர் முறைப்படி டிஸ்சார்ஜுக்கு ஒப்புதல் தருவது தொடக்கம். நோயாளி வார்டை விட்டுக் கிளம்புவது முடிவு. படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது, வார்டில் போய் நின்றால் இல்லை. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் நோயாளியின் தோளைத் தட்டி “இன்னிக்கு வீட்டுக்குப் போயிடலாம்” என்கிறார். நோயாளியின் கடிகாரம் அந்த நொடியில் ஓட ஆரம்பிக்கிறது. மகள் கணவனுக்குப் போன் செய்து கார் கொண்டுவரச் சொல்லிவிடுகிறாள். ஆனால் அந்த வாக்கியம் கேஸ் ஷீட்டில் ஏறுவது, டாக்டர் மற்ற வார்டுகளையும் முடித்து, ஒரு ஆபரேஷனும் முடித்து, திரும்பி வந்து எழுதும்போதுதான். முறைப்படியான ஒப்புதல் இதில் எது?

முடிவிலும் இதே சிக்கல். பில் கட்டியாகிவிட்டது, கேட் பாஸ் கையில் இருக்கிறது, மருந்து ஏற்றக் கையில் குத்தியிருந்த வென்ஃப்ளான் குழாயையும் எடுத்தாகிவிட்டது. ஆனால் பாட்டி கிளம்ப மாட்டேன் என்கிறார். வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். புதன்கிழமை என்றால் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. பிரசவ வார்டில் அஷ்டமி, நவமியும் சேர்ந்துகொள்ளும். வரையறைப்படி இந்த நேரமும் மருத்துவமனையின் கணக்கில்தான் ஏறும். கடைசியில் இரண்டு தொடக்கம், இரண்டு முடிவு வைத்துக்கொண்டோம்: வாயால் சொன்ன நேரம், எழுதிய நேரம், பில் முடிந்த நேரம், கட்டில் காலியான நேரம். இந்த நாலு கட்டங்களைத் தீர்மானிக்கத்தான் ஆய்வின் மற்ற எந்தப் பகுதியையும்விட அதிகமாக மண்டையை உடைத்துக்கொண்டோம். இன்றும் அது வீண் என்று நினைக்கவில்லை.

அடுத்தது எத்தனை பேரைப் பார்ப்பது என்ற கேள்வி. ஆய்வேடுகள் பலவற்றைப் புரட்டினால் 384 என்ற எண் திரும்பத் திரும்ப வரும். ஏதோ ராசியான எண் போலிருக்கும். 95% நம்பகம், 50% என்ற அனுமானம், 5% பிழை எல்லை என்று சூத்திரத்தில் போட்டால் வரும் விடை அது. எத்தனை சதவீதம் பேர் என்று விகிதம் கண்டுபிடிக்கிறவர்களுக்கான சூத்திரம். நான் அளக்கப்போவது நேரம். அதற்கு முதலில் சிறிய முன்னோட்டம் பார்த்து, நேரம் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு, அந்தத் திட்டவிலக்கத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். புள்ளியியல் ஆசிரியரிடம் தலைப்பு முடிவானவுடனேயே போய்விடுங்கள். எல்லாத் தரவையும் சேகரித்துவிட்டுப் போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு என்றாலே மாணவர்களுக்குக் கிலி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டு நெறிகளில், நிறுவனத்துக்குள் நடக்கும் தரத் தணிக்கைகளுக்கு முழு ஆய்விலிருந்து விலக்கு பெற வழி இருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட சிலர் ‘அப்படியென்றால் குழுவுக்கே போக வேண்டாம்’ என்று இருந்துவிடுகிறார்கள். விலக்கு உண்டா இல்லையா என்று முடிவு செய்வதும் குழுதான். ஆய்வாளர் தனக்குத் தானே விலக்குக் கொடுத்துக்கொள்ள முடியாது. தவிர நான் தணிக்கையோடு நிற்கப்போவதில்லை, நோயாளிகளிடம் பேசவும் போகிறேன். அதனால் ஒழுங்காக விண்ணப்பித்தேன். தகவல் தாள், ஒப்புதல் படிவம் இரண்டும் தமிழில் இருக்க வேண்டும் என்றார்கள். ‘இவ்வாய்வில் தாங்கள் பங்கேற்பது தன்னார்வத்தின்பாற்பட்டது’ என்ற ரகத் தமிழை எடுத்துவிட்டு, ‘உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் சேரலாம்; வேண்டாம் என்றால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது’ என்று மாற்றினேன். படித்துப் பார்த்த ஆயாம்மா தலையாட்டிய பிறகுதான் அச்சடித்தேன்.

இந்தக் குழுக்களில் மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவரும், சட்டம் தெரிந்தவர் ஒருவரும் இருக்க வேண்டும். தலைவரும் வெளி ஆளாக இருக்க வேண்டும். பெயருக்கு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பலரும் நினைப்பது அந்தப் பொதுமனிதரைத்தான். எங்கள் குழுவில் அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். டாக்டர்கள் எல்லாரும் படிவத்தில் கமா, புள்ளி பார்த்துக்கொண்டிருக்க, அவர் கேட்டார்: “சீக்கிரம் அனுப்பறதுக்கு வழி கண்டுபிடிக்கிறீங்க, சந்தோஷம். ஆனா அந்த அவசரத்துல எந்த மாத்திரையை எப்ப சாப்பிடணும்னு யாரும்மா சொல்லிக்கொடுப்பா?”

தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் அவெடிஸ் டொனபெடியன், 1966-இல். இந்தத் துறையில் அவர் பெயர் இல்லாத ஆய்வேட்டைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். என்னுடையதிலும் முதல் அத்தியாயத்திலேயே இருந்தார். ஆனால் நான் அளக்க நினைத்தது முழுக்கச் செயல்முறை. ஆசிரியர் கேட்டது விளைவைப் பற்றி. அவருக்காகச் சேர்த்த ஒரு பகுதி பின்னால் ஆய்வின் முதுகெலும்பானது: கிளம்பும் முன் நோயாளியையோ உடன் இருப்பவரையோ, மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வது. நேரம் குறைந்து, இந்தப் பதிலும் மோசமாகிவிட்டால் அது முன்னேற்றமே இல்லை.

மருத்துவமனை நிர்வாகத்திடம் அனுமதி வாங்குவது பெரிய வேலையாக இருக்கவில்லை. டாக்டர்களின் பெயருக்குப் பதில் குறியெண், மருத்துவமனையின் பெயர் எங்கும் வரக்கூடாது, முடிவுகளை முதலில் அவர்களிடம் காட்ட வேண்டும். ஒப்புக்கொண்டேன்.

தரவு சேகரிக்கக் கணினியே போதும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் நேர முத்திரை இருக்கிறதே? முன்னோட்டத்தில் அதை நேரில் பார்த்ததோடு ஒப்பிட்டேன். டிஸ்சார்ஜ் ஆர்டரை நர்ஸ் கணினியில் ஏற்றுவது கைவேலை ஓய்ந்த பிறகு. ‘பில் தயார்’ என்ற முத்திரை விழுவது பிரிண்ட் கொடுக்கும்போது. அதற்குப் பிறகு விட்டுப்போன ஓர் ஊசியைச் சேர்க்க அதே பில்லை மறுபடி திறப்பார்கள், முத்திரையும் மாறிவிடும். கணினி சொல்வது பொய்யில்லை. எந்த நேரத்தை அது பதிகிறது என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் வார்டு கவுன்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஃபைலைப் பின்தொடர்ந்தேன்.

உட்கார்ந்தால் இன்னொரு தொல்லை. நான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் டியூட்டி டாக்டர் வந்தவுடன் டிஸ்சார்ஜ் சம்மரியை, அதாவது நோயாளியிடம் கொடுத்தனுப்பும் சிகிச்சைச் சுருக்கத்தை, எழுத ஆரம்பித்துவிடுவார். சிகாகோ பக்கத்து ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1920-களில் நடந்த சோதனைகளை வைத்து இதற்கு ஹாதோர்ன் விளைவு என்று பெயர் வந்தது. முழுக்கத் தப்பிக்க வழியில்லை. ஆரம்ப நாட்களின் குறிப்புகளைக் கணக்கில் சேர்க்காமல், என்னைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு அலுத்துப்போகும் வரை உட்கார்ந்திருந்தேன். அலுப்பு வந்ததும் பழைய நடை திரும்பிவிட்டது.

இப்போது கண்டதைச் சொல்கிறேன். ஆய்வு தொடங்கும் முன் யாரைக் கேட்டாலும் தாமதத்துக்குக் காரணம் பில்லிங், இல்லையென்றால் இன்சூரன்ஸ். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கையில், மருத்துவமனை டிஸ்சார்ஜ் அனுமதி கேட்டு அனுப்பியதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும், தாண்டினால் அதனால் ஏறும் கூடுதல் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று இருக்கிறது. இந்த விதி தெரிந்த நோயாளியின் மகன்கள் கவுன்டரில் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த 3 மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மருத்துவமனை கோரிக்கையை அனுப்பிய பிறகு. கோரிக்கை போக இறுதி பில் வேண்டும். இறுதி பில்லுக்கு, பயன்படாத மருந்துகள் ஃபார்மஸிக்குத் திரும்பி வரவு வைக்கப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும்.

அந்தச் சம்மரியில்தான் மிகப் பெரிய காத்திருப்பு. எழுத ஆகும் நேரம் கொஞ்சம்தான்; ஃபைல் சும்மா கிடக்கும் நேரம்தான் அதிகம். ரவுண்ட்ஸ் முடிந்ததும் டியூட்டி டாக்டரின் மேஜையில் ஃபைல்கள் ஒரே சமயத்தில் வந்து குவிகின்றன. அவர் அப்போதுதான் புது அட்மிஷன் பார்க்கப் போகிறார், ஐ.சி.யு.விலிருந்து கூப்பிடுகிறார்கள். எழுதி முடிக்கும்போது மதியம். அப்புறம் எல்லா ஃபைலும் ஒரே கூட்டமாக பில்லிங்கில் போய் இறங்குகின்றன, பில்லிங்கில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருக்கும் வேளையில்.

ஒவ்வொரு பிரிவும் மாதாமாதம் எங்களுக்குக் கொடுக்கும் அறிக்கையில் எல்லார் நேரமும் நன்றாகத்தான் இருந்தது. பில்லிங், ஃபைல் தன் கைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணுகிறது. ஃபார்மஸி, பை கவுன்டரில் வைக்கப்பட்டதிலிருந்து எண்ணுகிறது. இன்சூரன்ஸ் நிறுவனம், கோரிக்கை வந்ததிலிருந்து. ஒருவர் முடித்து இன்னொருவர் எடுக்கும் வரை ஃபைல் மேஜையில் கிடப்பதும், லிஃப்டுக்காக மருந்துப் பையோடு வார்டு பையன் நிற்பதும் யார் கணக்கிலும் இல்லை. (அந்த லிஃப்டைப் பற்றியே தனி ஆய்வேடு எழுதலாம்.) நோயாளி காத்திருப்பது பெரும்பாலும் அந்த இடைவெளிகளில்தான்.

பணம் கட்டும் கட்டத்தைத் தனியாகப் பிரித்தது கைடு மேடத்தின் யோசனை. பில் கைக்கு வந்த பிறகு சில குடும்பங்கள் மணிக்கணக்கில் கட்டவில்லை. விசாரித்தால், ஒருவர் நகையை அடகு வைக்கப் போயிருந்தார், இன்னொருவர் மச்சானுக்காகக் காத்திருந்தார். இதை நோயாளி தரப்புத் தாமதம் என்று ஓரம்கட்டிவிடலாம். பல ஆய்வேடுகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் இடையிடையே செலவு எவ்வளவு ஆனது என்று முறையாகச் சொல்லப்பட்ட குடும்பங்களில் இந்த அல்லாட்டம் குறைவு. கடைசி நாளில்தான் மொத்தத் தொகையும் தெரிகிறது என்றால் அது மருத்துவமனையின் தாமதம்தான் என்பது என் கட்சி. ஆய்வேட்டில் இதைக் கொஞ்சம் மென்மையாக எழுத வேண்டியிருந்தது.

இந்த மாதிரி நீண்ட காத்திருப்புகள் சில இருந்தாலே சராசரி எங்கோ போய்விடும். அதனால் எல்லா நேரங்களையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணைத்தான் பயன்படுத்தினோம். நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் “சராசரி எவ்வளவு, அதை மட்டும் சொல்லும்மா” என்றார். நோயாளிகளின் நேரங்களை வரிசையாகப் புள்ளி வைத்த படத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மாற்றத்தை ஒரே ஒரு வார்டில் மட்டும் செய்து பார்த்தோம். மறுநாள் போகக்கூடியவர்கள் யார் என்று முந்தின மாலையே பட்டியல். இரவுப் பணியில் இருக்கும் டாக்டர் சம்மரியின் வரைவை எழுதிவிடுவார். வேண்டாத மருந்து மாலையே திரும்பிப் போய்விடும். அதுவரையான பில்லைக் குடும்பத்திடம் காட்டிவிடுவோம். காலையில் பெரிய டாக்டர் பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும். தினசரி இடைநிலை நேரத்தை ஒரு கோட்டுப்படத்தில் குறித்துக்கொண்டே வந்தோம். நடுக்கோட்டுக்கு ஒரே பக்கமாகத் தொடர்ந்து ஆறு புள்ளிகளாவது விழுந்தால்தான் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஒரு நல்ல நாளைப் பார்த்துக் குதிக்கக் கூடாது. விழுந்தன. பிறகு டியூட்டி டாக்டர்கள் மாறினார்கள், புள்ளிகள் மறுபடி மேலே ஏறின. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பின் இறங்கின. ஏறியதையும் மறைக்காமல் படத்தோடு போட்டேன். தர மேம்பாட்டு ஆய்வுகளை எழுதுவதற்கென்றே 2015-இல் வந்த ஸ்கொயர் வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு, எந்தச் சூழலில் இந்த மாற்றம் வேலை செய்தது என்று எழுதச் சொல்கிறது. ஆள் மாறியதும் சறுக்கியது என்பதைவிட முக்கியமான சூழல் தகவல் எது? மருந்து பற்றிய பதில்கள் மோசமாகவில்லை; முந்தின மாலையே சொல்ல ஆரம்பித்ததால் கேள்வி கேட்க நோயாளிகளுக்கும் குடும்பத்துக்கும் ஓர் இரவு கிடைத்தது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் எதிர்பார்த்த இடத்தில்தான் பிடித்தார். முன்பு, பின்பு என்று ஒப்பிடுகிறீர்களே, அந்தச் சமயத்தில் நோயாளிகள் வரத்தே குறைந்திருந்தால்? மாற்றம் செய்யாத பக்கத்து வார்டின் அதே நாட்களுக்கான புள்ளிகளைக் காட்டினேன். அங்கே அசைவில்லை. இதே கேள்வி உங்களுக்கும் வரும். ஒப்பிட ஒரு வார்டை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

மாலைப் பட்டியல் இப்போது மற்ற வார்டுகளுக்கும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சம்மரி எழுதக் கூடுதலாக ஒரு டாக்டர் வேண்டும் என்ற பரிந்துரையை, செலவு என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். அதனால் ஞாயிறு டிஸ்சார்ஜ் மட்டும் பழையபடிதான் நடக்கிறது.