தொப்பூருக்கு இந்தப் பக்கம்

பிப்ரவரி 3
உடம்பைப் பெண்ணாக மாற்றும் ஹார்மோன் மாத்திரை இன்று கிடைக்கவில்லை. முதலில் விந்தணுவைச் சேமித்து வைப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணிவிட்டு வாருங்கள் என்கிறார் டாக்டர். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பி விரைகளை வேலை வாங்குகிறதாம். வெளியிலிருந்து பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போனால் பிட்யூட்டரி அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் இறங்கும், விந்தணுவும் குறையும், விரைகளும் சுருங்கும். மாத்திரையை நிறுத்தினால் பழையபடி வருமா என்று கேட்டேன். சிலருக்கு வரும், சிலருக்கு வராது, முன்கூட்டியே சொல்ல முடியாது என்றார். சேலத்திலிருந்து தொப்பூர் வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 5
அம்மாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 11
மறுபடி சேலம். படிவத்தில் ஆண் என்று எழுத வேண்டியிருந்தது. கை வரவில்லை, ஆனாலும் எழுதினேன். விந்தணுவைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்திருப்பார்கள். வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். அப்பா ஆக எனக்கு ஆசை இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் ஒரு குழந்தை என்னை அம்மா என்று கூப்பிட்டால்? இதை யாரிடம் சொல்வது? இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 20
ஈஸ்ட்ரோஜன் மாத்திரையான எஸ்ட்ராடியால் 2 மில்லிகிராம், கூடவே டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன். போட்டுவிட்டேன். நன்றாக அழுதேன்.

மார்ச் 14
இந்த ஸ்பைரோனோலாக்டோன் முதலில் சிறுநீர் போக்கும் மருந்து, அப்புறம்தான் எங்களுக்கு. ஓசூர் பஸ்ஸில் கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. உடம்பில் பொட்டாசியம் ஏறும் என்பதால் இளநீரைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரோடு ஓரமெல்லாம் இளநீர்க்கடைதான்.

ஏப்ரல் 2
காலையில் தானாக விறைப்பது நின்றுவிட்டது. எத்தனை வருஷமாக அருவருத்த காலை! இன்று நிம்மதியாக எழுந்தேன்.

மே 18
மார்க்காம்புக்குப் பின்னால் சின்னக் கட்டி, தொட்டால் வலிக்கிறது. வலிக்கட்டும். குரலும் தாடியும் மட்டும் அப்படியே இருக்கின்றன. மாத்திரை குரலைத் தொடாது, தாடியைக் கொஞ்சம் மெலிதாக்கலாம், போக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

மே 23
ரிப்போர்ட் வந்தது. டெஸ்டோஸ்டிரோன் 96. 50க்குக் கீழே வர வேண்டும்.

மே 24
96.

மே 25
டாக்டர் பயப்படவில்லை. எல்.எச். இறங்கிவிட்டதாம், இனி மருந்தின் அளவைக் கூட்டினால் போதுமாம். இன்னொன்றும் சொன்னார்: விந்தணு குறைந்ததை நம்பி இதைக் கருத்தடை என்று நினைக்கக் கூடாது. எனக்கு அது தேவைப்படாது. ஆனால் தெரிந்தவர்களிடம் சொல்ல வேண்டும், நிறைய பேர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் 9
பாலக்கோட்டு அக்கா படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். லேசாக விழுந்ததற்கே உடைந்திருக்கிறது. சின்ன வயதிலேயே நிர்வாணம் (ஆணுறுப்பையும் விரைகளையும் நீக்குவதை எங்களுக்குள் அப்படித்தான் சொல்வோம்) ஆனவள். "எங்க காலத்துல மாத்திரை ஏது கண்ணு" என்கிறாள். விரைகளை எடுத்தபின் டெஸ்டோஸ்டிரோன் அநேகமாக இல்லை, ஈஸ்ட்ரோஜனும் யாரும் கொடுக்கவில்லை. இரண்டில் ஒன்றாவது இல்லாவிட்டால் எலும்பு தேய்ந்துகொண்டே போகும். இத்தனை வருஷம் இவளுக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. எனக்கு 96 என்று ஒரு எண்ணாவது இருக்கிறது. அவளுக்கு ஒரு பரிசோதனைகூட நடந்ததில்லை. கோபமாக வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூன் 10
தூக்கம் இல்லை. நானும் ஒருநாள் ஆபரேஷனுக்குப் போவேன். அப்போது ஸ்பைரோனோலாக்டோன் தேவைப்படாது, ஈஸ்ட்ரோஜனை மட்டும் விடக் கூடாது. வேலை போனால், மாத்திரைக்குக் காசு இல்லாவிட்டால்?

ஜூன் 13
எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்க அக்காவைக் கூட்டிப் போகிறேன். வேண்டாம் என்று மூன்று முறை சொன்னாள். நான்காவது முறை, எந்தப் புடவை கட்டுவது என்று கேட்டாள். அம்மா போன் பண்ணினாள், சேலத்துக்கு எதற்கு இத்தனை தடவை போகிறாய் என்று. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து சொல்கிறேன் என்றேன்.