எலும்பு சேந்திருச்சு, வலி மட்டும் ஏன் போகல?

கை ஒடஞ்சா கட்டு போடுறாங்க, சில கிழமையில கட்ட கழட்டுறாங்க, எக்ஸ்ரேய தூக்கி பாத்துட்டு எலும்பு சேந்திருச்சு போங்கன்னு சொல்றாங்க, அதோட முடிஞ்சுதுன்னு தான் நாம நெனைக்கிறோம். சில பேருக்கு அங்கதான் தொடங்குது. கட்டு கழட்டின கை வீங்கி போய், தோல் இழுத்து புடிச்சு மினுமினுன்னு இருக்கும், ஒரு நேரம் செவந்து சுடும், இன்னொரு நேரம் நீலம் பாஞ்சு சில்லுன்னு கெடக்கும், சேலை நுனி பட்டாலே உயிர் போகும். இதுக்கு பேரு கொம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சின்ட்ரோம், சுருக்கமா சீஆர்பிஎஸ். எங்க சின்னம்மாவுக்கு வந்தது இதுதான். அன்னைலருந்து கெடைக்கிற நேரமெல்லாம் இதத்தான் வாசிச்சிக்கிட்டு இருக்கேன். நான் டொக்டர் இல்ல, ஸ்கூல்ல கணக்கு படிப்பிக்கிற ஆள், அதனால மருந்து பேர விட அதுக்கு பின்னாடி இருக்கிற நம்பர் தான் முதல்ல கண்ணுல படுது.

சின்னம்மா தேயிலை தோட்டத்துல கொழுந்தெடுக்கிறவங்க. மழையில தண்ணி ஓடுற கான் தாண்டும்போது வழுக்கி, கைய ஊனி விழுந்து மணிக்கட்டு போச்சு. கட்டு கழட்டினதுக்கு பிறகு வந்த எரிச்சல அவங்க சொன்ன விதம் எனக்கு மறக்காது, "நெருப்பள்ளி கொட்டின மாதிரி இருக்கு புள்ள, ஆனா தொட்டு பாத்தா கை சில்லுன்னு இருக்கு"ன்னாங்க. காத்துக்கு பயந்து வீட்டு முன்னாடி இஸ்தோப்புல கூட வந்து உக்கார மாட்டாங்க, மார்கழி பனி காலத்துல எங்க பக்கம் காத்து எப்படி இருக்கும்னு தெரியும்தானே. கிளினிக்ல எக்ஸ்ரே பாத்தவங்க ஒன்னுமில்லன்னு பெனடோல் குடுத்து அனுப்பிட்டாங்க. தோட்டத்துல வேலைக்கு வர சோம்பல்னு பேச்சு, வீட்டுல செய்வினைன்னு பேச்சு. எலும்பு முறிவு பாக்குற நாட்டு வைத்தியர், வெதமாத்தயாகிட்ட போய் எண்ணெ போட்டு உருவினதுல அன்னைக்கு ராத்திரி முழுக்க கத்தினாங்க.

கடைசில டவுன்ல ஒரு பெரிய கிளினிக்ல சின்ன வயசு டொக்டர் ஒருத்தர் செஞ்சது ரொம்ப சிம்பிளான வேலை. ரெண்டு கையையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல வைக்க சொன்னாரு. பாத்தாரு. தன் பொறங்கையால ரெண்டையும் தொட்டு சூடு பாத்தாரு, நகத்த பாத்தாரு, பஞ்சால லேசா தடவினாரு, சின்னம்மா கைய உருவிக்கிட்டாங்க. பிறகு கேள்வி கேட்டாரு, எனக்கு தெரிஞ்ச அரைகுறை சிங்களத்துல நான் நடுவுல நின்னு சொன்னேன். புது எக்ஸ்ரே இல்ல, ஸ்கேன் இல்ல. கிளினிக் கொப்பில எழுதி குடுத்துட்டாரு.

அப்போ எனக்கு சந்தேகம், என்னடா இது ஒரு டெஸ்ட்டும் எடுக்காம பேர் வைக்கிறாருன்னு. வாசிச்சு பாத்தா அவர் செஞ்சது தான் சரியான முறை. 2003ல ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட்ல வலி ஆராய்ச்சியாளர்கள் கூடி இத எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு விதிமுறை ஒன்னு போட்டாங்க, அதத்தான் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2012ல ஏத்துக்கிச்சு, இன்னைக்கும் உலகம் பூரா பாவிக்கிறது அதுதான். அடிபட்டதுக்கு பொருந்தாத அளவுக்கு வலி தொடர்ந்து இருக்கணும். பிறகு நாலு கூட்டம் அறிகுறி இருக்கு: தொட்டாலே வலிக்கிறது ஒன்னு, நிறமோ சூடோ மத்த கையிலருந்து வித்தியாசப்படுறது ஒன்னு, வீக்கம் இல்லாட்டி வேர்வை ஒன்னு, அசைக்க முடியாம போறது, நடுக்கம், முடி நகம் தோல் மாறுறது எல்லாம் சேந்து ஒன்னு. இந்த நாலுல மூணு கூட்டத்துலயாவது நோயாளி தன் வாயால ஒன்ன சொல்லணும், ரெண்டு கூட்டத்துலயாவது டொக்டர் தன் கண்ணால ஒன்ன பாக்கணும், வேற எந்த வருத்தமும், அதாவது நோயும், இதுக்கு காரணமா இருக்க கூடாது. அவ்வளவுதான். ரத்தம் எடுத்து பாத்து இருக்கு இல்லன்னு சொல்ற டெஸ்ட் ஒன்னு கெடையாது, எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் எல்லாம் நார்மல்னு வந்தாலும் சீஆர்பிஎஸ் இல்லன்னு ஆகாது.

இந்த விதிமுறைய 2010ல சோதிச்சு பாத்ததுல, உண்மையில வருத்தம் இருக்கிறவங்கள்ல 99% பேர புடிச்சிருச்சு, ஆனா வருத்தம் இல்லாதவங்கள இல்லன்னு சரியா விலக்கினது 68% தான். கணக்கு வாத்தியாரா சொல்றேன், இந்த ரெண்டாவது நம்பர் முக்கியம். வேற வலி இருக்கிற பத்து பேர்ல மூணு பேருக்கு கிட்ட தப்பா இந்த பேர் விழலாம். அதனாலதான் "வேற காரணம் இல்ல"ங்கிற கடைசி விதிய விட கூடாது. ரத்தம் கட்டியிருக்கா, சீழ் புடிச்சிருக்கா, நரம்பு எங்கயாவது நசுங்கியிருக்கா, இதெல்லாம் பாத்துட்டு தான் பேர் வைக்கணும். கட்டு போட்டிருக்கும்போதே விரல் மரத்து வெளுத்து தாங்க முடியாம வலிச்சா அது வேற ஆபத்து, அன்னைக்கே ஓடணும், நாளைக்கு பாத்துக்கலாம்னு இருக்க கூடாது.

வருத்தம் ஒன்னும் புதுசில்ல. 1860கள்ல அமெரிக்க உள்நாட்டு போர்ல குண்டடி பட்ட சிப்பாய்கள்கிட்ட இந்த எரிச்சல பாத்து எழுதினவரு சைலஸ் வெயர் மிச்செல்னு ஒரு டொக்டர். 1900ல ஜெர்மனில பவுல் சூடெக், இந்த மாதிரி கையில எலும்பு கரைஞ்சு போறத எக்ஸ்ரேல காட்டினாரு, வயசான டொக்டர்மார் சில பேர் இன்னும் சூடெக்னு தான் சொல்வாங்க. இப்ப இருக்கிற பேரு 1994ல வந்தது.

ஏன் வருதுங்கிறதுக்கு ஒரே ஒரு காரணம் கெடையாது. காயம் பட்டா வர்ற அழற்சி அடங்காம நிக்குது, ரத்தக்குழாய சுருக்கி விரிக்கிற நரம்பு தாறுமாறா வேலை செய்யுது, மூளையில அந்த கைக்கு இருக்கிற இடமே மாறி போகுது. சின்னம்மா ஒருநாள் "இது என் கை மாதிரியே தெரியல"ன்னு சொன்னப்போ எனக்கு கொஞ்சம் பயமா இருந்துச்சு, பிறகு பாத்தா நெறைய நோயாளிங்க இதையே சொல்றாங்களாம். 2019ல லிவர்பூல் குழு ஒன்னு, நீண்ட நாள் நோயாளிங்களோட ரத்தத்துல இருக்கிற எதிர்ப்பு புரதத்த (அன்டிபொடி) எடுத்து காலுல சின்ன காயம் செஞ்ச எலிகளுக்கு ஏத்தினாங்க, அந்த எலிகளோட காலும் தொட்டா தாங்காம போச்சு. நடிப்பு, சோம்பல்னு சொல்ற ஆக்களுக்கு இத நான் சொல்றதுண்டு, எலிக்கு நடிக்க தெரியாதுங்க. மனசு பலவீனமானவங்களுக்கு தான் இது வரும்ங்கிற பேச்சுக்கும் ஆராய்ச்சியில ஆதாரம் இல்ல.

இன்னொன்னு, டென்மார்க்ல ஒரு அடியும் படாத 30 பேருக்கு சும்மா நாலு கிழமை கையில கட்டு போட்டு பாத்தாங்க. கழட்டினப்போ அவங்களுக்கும் குளிரும் அழுத்தமும் கூடுதலா வலிச்சுது. அப்போ கைய அசைக்காம வச்சிருக்கிறதே பிரச்சினைல ஒரு பங்கு. நம்ம வீடுகள்ல என்ன செய்வோம், "அசைக்காத, அசைக்காத"ன்னு துணியில சுத்தி கழுத்துல தொங்க விட்டு மாசக்கணக்கா வச்சிருப்போம், பாசத்துல தான்.

வைத்தியம்னு வரும்போது தான் மனசு விட்டு போகுது. வாசிக்க வாசிக்க சின்ன சின்ன ஆராய்ச்சி தான், 13 பேரு, 8 பேருன்னு. விட்டமின் சி கதைய பாருங்க, 1999ல நெதர்லாந்துல மணிக்கட்டு ஒடஞ்சவங்களுக்கு தினம் 500 மில்லிகிராம் 50 நாளைக்கு குடுத்ததுல 7% பேருக்கு தான் இந்த வருத்தம் வந்துச்சு, வெறும் மாத்திரை குடுத்தவங்கள்ல 22%. பிரமாதம்னு நெனச்சா 2014ல எடின்பரோவுல 336 பேர வச்சு செஞ்சதுல ஒரு வித்தியாசமும் இல்ல. விலை கம்மி, கெடுதல் பெருசா இல்ல, கை ஒடஞ்ச உடனே டொக்டர கேட்டுட்டு குடிக்கிறதுல எனக்கு மறுப்பில்ல, ஆனா வந்த பிறகு குடிச்சு போகாது. ஸ்டெராய்ட் மாத்திரைக்கு 2006ல லக்னோவுல செஞ்ச 60 பேர் ஆராய்ச்சி இருக்கு, பக்கவாதம் வந்து அதுக்கு பிறகு கை இப்படி ஆனவங்களுக்கு, ப்ரெட்னிசலோன் குடுத்தவங்கள்ல 83% பேர் தேறினாங்க, சாதாரண வலி மாத்திரையில 17% கூட இல்ல. இதுவும் ஆரம்ப கட்டத்துக்கு தான், சீனி வருத்தம் உள்ளவங்க தன்னால வாங்கி குடிக்கவே கூடாது. கெட்டமின்ங்கிற மயக்க மருந்த ட்ரிப்பா ஏத்தினா வலி கொறையுது, ஆனா 12ஆவது கிழமை வரும்போது ஏத்தினவங்களும் ஏத்தாதவங்களும் ஒன்னுதான். முதுகுத்தண்டுல கரண்ட் குடுக்கிற கருவி வச்சவங்களுக்கு முதல் ரெண்டு வருசம் நல்ல வித்தியாசம், அஞ்சு வருசத்துல அந்த வித்தியாசம் மங்கி போச்சு. நல்ல ஆக்களோட ரத்தத்துலருந்து எடுத்த எதிர்ப்பு புரத ஊசி 2017ல 111 பேர்ல தோத்து போச்சு. கழுத்துல போடுற நரம்பு ஊசிக்கும் உறுதியான ஆதாரம் இல்ல, சில பேருக்கு கொஞ்ச நாளைக்கு கேக்குது, அந்த கொஞ்ச நாள்ல கைய அசைக்க பழகினா பிரயோசனம்.

இத எழுதுறதுக்கு காரணமே இங்கதான் இருக்கு. எங்க லயத்துலயே, தோட்டத்து வரிசை வீடுகள்ல, தோடு அடகு வச்சு கொழும்புக்கு காசு கட்டி டொக்டர சேனல் பண்ணி போய் ஸ்கேன் மேல ஸ்கேன் எடுத்த குடும்பம் இருக்கு. நீங்க தோட்ட கூலியில வாழுறவங்கன்னா அந்த காச ஸ்கேன் மேல ஸ்கேனுக்கு போடாதீங்க, கிழமைக்கு ஒருக்கா பிசியோவுக்கு போற ஆட்டோவுக்கு போடுங்க. பெரும்பாலான வழிகாட்டிகள்ல முதல் எடம் அசைவு பயிற்சிக்கு தான், கூடவே நரம்பு வலிக்குன்னு குடுக்கிற அமிட்ரிப்டிலின், கபாபென்டின் மாதிரி மாத்திரை, தூங்கவாவது உதவும். கைய எடுத்து விட்டுருங்கன்னு சின்னம்மாவே ஒருநாள் அழுதாங்க, வெட்டினாலும் வலி மிச்சத்துல திரும்ப வரலாம்ங்கிறதால டொக்டர்மார் அதுக்கு லேசுல சம்மதிக்க மாட்டாங்க.

ஆனா அசைக்க சொல்றது லேசு. மலையில கொழுந்து கிலோ நெறையலன்னா அரைப்பேரு, அதாவது பாதி நாள் சம்பளம் தான். மெதுவா, வலிய கூட்டாம, கொஞ்சம் கொஞ்சமா பழக்குன்னு பிசியோ மிஸ் சொல்றாங்க, கொழுந்து மலையில மெதுவாங்கிறதுக்கு எடமில்ல. ஒன்னு முழு வேகம், இல்லாட்டி வீட்டுல சும்மா. இந்த நடு வேலைய, லேசான வேலைய ஒரு ரெண்டு மூணு மாசம் குடுக்க தோட்டத்துல ஒரு வழி இருந்தா பாதி பேர் தப்பிப்பாங்கன்னு நான் நெனைக்கிறேன், இது ஆராய்ச்சி முடிவில்ல, என் அபிப்பிராயம்.

சீக்கிரம் புடிக்கிறதுக்கு ஒரு நல்ல குறிப்பு இருக்கு. அவுஸ்திரேலியாவுல மணிக்கட்டு ஒடஞ்ச 1549 பேர பின்தொடர்ந்து பாத்ததுல 3.8% பேருக்கு இது வந்துச்சு, ஒடஞ்ச முதல் கிழமையில சராசரி வலி பத்துக்கு அஞ்சு, அதுக்கு மேலன்னு சொன்னவங்க தான் கவனிக்க வேண்டியவங்கன்னு 2014ல சொன்னாங்க. அதனால வீட்டுல யாருக்காவது கை ஒடஞ்சா முதல் கிழமையில தினம் ஒரு நம்பர கேட்டு கொப்பில எழுதி வைங்க, அடுத்த கிளினிக்ல அத நீட்டுங்க. பாஷை தடுமாறினாலும் நம்பர் தடுமாறாது.

சின்னம்மா இப்ப செய்யுறது ரெண்டு விசயம். ஒன்னு தொட்டு பழக்குறது, முதல்ல பஞ்சு, பிறகு சேலை முந்தானை, பிறகு துவாய், இப்ப படங்கு சாக்கு வரைக்கும் வந்தாச்சு. மத்தது கண்ணாடி. கண்ணாடிய நடுவுல நிறுத்தி, வருத்தக் கைய பின்னாடி மறைச்சு, நல்ல கைய முன்னாடி அசைச்சா, ரெண்டு கையும் நல்லா அசையுற மாதிரி மூளை நம்பும். இத துண்டிக்கப்பட்ட கை வலிக்கு முதல்ல செஞ்சு காட்டினவரு நம்ம தமிழ்நாட்டுல பொறந்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990கள்ல. சீஆர்பிஎஸ்ஸுக்கு 2003ல இங்கிலாந்துல 8 பேர்ல பாத்தாங்க, வந்து எட்டு கிழமைக்குள்ள இருந்தவங்களுக்கு நல்லா கேட்டுச்சு, ரெண்டு வருசம் தாண்டினவங்களுக்கு கேக்கவே இல்ல. மூணு படியா செய்யுற முறையும் இருக்கு, முதல்ல கை படங்கள பாத்து எது இடது எது வலதுன்னு சட்டுன்னு சொல்றது, பிறகு கைய அசைக்கிற மாதிரி மனசுக்குள்ள நெனைக்கிறது, பிறகு தான் கண்ணாடி. 2004ல 13 பேர்ல நல்லா வந்துச்சு, பிறகு இங்கிலாந்துல ரெண்டு கிளினிக்ல அதே மாதிரி செஞ்சப்போ வலி கொறையல. சின்னம்மாவுக்கு எரிச்சல் போகல, ஆனா விரல் மடங்குது, தேத்தண்ணி கோப்பை புடிக்கிறாங்க.

அந்த இடது வலது படங்கள் ஒன்லைன்ல எல்லாம் வெள்ளைக்காரங்க கை, கோல்ஃப் மட்டை புடிச்ச கை எல்லாம் இருந்துச்சு, சின்னம்மா சிரிச்சிட்டாங்க. அதனால எங்க லயத்து பொம்பளைங்க கைய நானே போன்ல எடுத்தேன், கொழுந்து கிள்ளுற கை, ரொட்டி தட்டுற கை, கூடை கயிறு புடிக்கிற கை, எல்லா கோணத்துலயும். வேணும்ங்கிறவங்க கேளுங்க, அனுப்புறேன். தொடங்க முன்னாடி உங்க பிசியோவ கேட்டுக்கோங்க, சில பேருக்கு அசைக்கிறத நெனச்சாலே கை எரிஞ்சு வீங்கும், அப்படி ஆனா அன்னைக்கு நிப்பாட்டிட்டு ஒரு படி கீழ எறங்கிருங்க.